போட்டிக்குப் பயிலும் குழந்தை

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களிற் குடியேறிய நம்மவர்க்குக் குழந்தைகளின் கல்வியே பெருஞ்செல்வம். மகனோ மகளோ ஒரு போட்டியிற் பரிசு பெற்றால், அச்செய்தி அன்றே சொந்த ஊருக்கு எட்டிவிடுகிறது. பெறாவிடில் வீட்டில் நிலவும் மௌனத்தையும் நாம் அறிவோம். அம்மௌனம் குழந்தைக்கு என்ன கற்பிக்கிறது என்பதை இன்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

கணித ஒலிம்பியாடை எடுத்துக்கொள்வோம். 1959-ஆம் ஆண்டில் ஏழு நாடுகளுடன் ருமேனியாவில் தொடங்கிய இந்த அனைத்துலகப் போட்டியில் நம் நாடு முதன்முதலாக 1989-இல் பங்கு கொண்டது. 1996-இல் மும்பையிலேயே அது நடைபெற்றது. நாளொன்றுக்கு மூன்றாக, இரு நாட்களில் ஆறு கணக்குகள். ஒவ்வொரு நாளும் நாலரை மணி நேரம். அதாவது, ஒரு கணக்குக்கு ஒன்றரை மணி! சில நிமிடங்களில் விடை எழுதப் பள்ளியிற் பழகிய குழந்தைக்கு இது புதிய உலகம். விரைவைக் காட்டிலும், வழி தோன்றாத வேளையிலும் மனந்தளராது அமர்ந்திருக்கும் திறனே இங்கு வேண்டப்படுகிறது.

அத்திறன் பரிசாசையால் வளர்வதன்று. நாம் அறிந்த ஓர் இல்லத்தில், முதற்கட்டத் தேர்வில் வென்றால் மிதிவண்டி வாங்கித் தருவதாகத் தந்தையார் வாக்களித்தார். சிறுவன் இரவு பகலாகப் பயின்றும் தேறவில்லை. மிதிவண்டி போனது சிறிய இழப்பே. முன்பு எண்களோடு விளையாடிப் பொழுதைப் போக்கியவன் அதன்பின் கணக்குப் புத்தகத்தை விருப்பத்தோடு தொடவேயில்லை. அதுவன்றோ பேரிழப்பு!

கும்பகோணத்தில் மாணவராக இருந்த இராமானுசனுக்குக் கார் என்பார் தொகுத்த கணித நூலொன்று கிடைத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளை மிகுந்த விளக்கமின்றி அடுக்கித் தரும் நூல் அது. அவற்றைத் தாமே நிறுவிப் பார்ப்பதில் அவர் இன்பங் கண்டார். அங்கே பரிசு எதுவும் காத்திருக்கவில்லை. எல்லாக் குழந்தைகளும் இராமானுசன் ஆவதில்லை. ஆயினும் அவ்வின்பத்தின் ஒரு துளியை எக்குழந்தையும் சுவைக்க இயலும்.

அதற்கு நாம் செய்யத்தக்கவை எளியவை. நாளுக்கு ஒரு கணக்குப் போதும். “விடை வந்ததா?” என்று கேளாமல், “எவ்வெவ்வழியில் முயன்றாய்?” என்று கேட்போம். தவறிய வழிகளையும் அழிக்காமல் ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்வோம். நேற்றுத் தவறிய வழி நாளை வேறொரு கணக்குக்கு உதவக்கூடும். பள்ளியில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பயிலும் பிள்ளை, அக்கணக்கை இரவு உணவின்போது நமக்குத் தமிழில் விளக்கட்டும். நமக்குக் கணிதம் தெரியாதது குறையன்று. தெரியாதவர்க்கு விளக்கும்போதுதான் தன் எண்ணத்திலுள்ள ஓட்டை பிள்ளைக்குப் புலனாகும். தாய்மொழியும் உடன் வளரும்.

அப்போட்டியில் பதக்கம் பெறாத மாணவர் ஒரே ஒரு கணக்கை முழுமையாகத் தீர்த்திருந்தாலும், அவருக்குப் பாராட்டுச் சான்று வழங்குவது மரபு. உலக அரங்கே ஒரு கணக்கின் உழைப்பை மதிக்கும்போது, நம் இல்லம் மதிக்கலாகாதா? முடிவு வெளியாகும் நாளில் தேறினும் தேறாவிடினும், குழந்தையின் அருகே அமர்ந்து, தீராத கணக்கு எதுவெனக் கேட்போம். அன்று அம்மௌனத்துக்கு நம் வீட்டில் இடமிராது.