எல என்று எழுதிய பிள்ளை
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இலக்கணம் பேச வருபவருக்கு என்ன வரவேற்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலில் ஒரு வேலை. ஒரு விரலைத் தாடையின் கீழ் வைத்துக்கொண்டு இ, எ, ஆ என்று நிதானமாகச் சொல்லுங்கள். விரல் படிப்படியாக இறங்குகிறதல்லவா? டாக்டர் தொண்டையைப் பார்க்க ‘ஆ’ சொல்லச் சொல்வதும் இதனால்தான். ‘ஈ’ சொன்னால் நாக்கு மேலே எழும்பி மறைத்துவிடும்.

நான் பணிக்குச் சேர்ந்த புதிதில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் இலை என்பதை ‘எல’ என்று எழுதினான். சிவப்பு மையால் அடித்துப் பத்து முறை எழுதச் சொன்னேன். எழுதிக் கொண்டுவந்தவன், “டீச்சர், நீங்களும் எலன்னுதானே சொல்றீங்க?” என்று கேட்டான். “எதிர்த்துப் பேசாதே” என்று உட்கார வைத்துவிட்டேன். அதன்பின் அவன் வகுப்பில் வாய் திறப்பது குறைந்துபோனது. அவன் கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்ல எனக்குத்தான் அன்று தெரியவில்லை.

பி.எட். படிப்பில் உயிரொலிகளை மூன்று கேள்விகளால் பிரிக்கலாம் என்று படித்திருப்போம். நாக்கு எவ்வளவு உயர்கிறது? நாக்கின் முன்பகுதி உயர்கிறதா, பின்பகுதியா? இதழ் குவிகிறதா, இல்லையா? தமிழுக்கு நான்காவதாக மாத்திரையும் வேண்டும். இ, எ முன்னுயிர்கள். உ, ஒ இதழ் குவியும் பின்னுயிர்கள். அ கீழே நிற்பது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் டேனியல் ஜோன்ஸ் என்பவர் எட்டு அடிப்படை உயிர்களை அளவுகோலாக வைத்து இந்த முறையைப் பரப்பினார்.

தொல்காப்பியர் பிறப்பியலில் என்ன செய்கிறார் பாருங்கள். அ, ஆ இரண்டும் வாயைத் திறந்த அளவில் பிறப்பவை. இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்துக்கும் வாய் திறப்பதோடு நாவிளிம்பு மேல்வாய்ப் பல்லைப் பொருந்த வேண்டும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் இதழ் குவிய வேண்டும். முன், பின், குவிதல் எல்லாம் இதிலேயே வந்துவிடுகின்றன. இ-யையும் எ-யையும் பிரிக்கும் உயரம் ஒன்றுதான் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை.

நம் பிள்ளைகள் தடுமாறுவதும் அந்த உயரத்தில்தான். இலை எல ஆகும். இடம் எடம் ஆகும். குடம் கொடம், உலகம் ஒலகம், புகை பொகை. இ ஒரு படி இறங்கினால் எ. உ ஒரு படி இறங்கினால் ஒ. இலை ஒருநாளும் ‘ஒல’ ஆவதில்லை. அடுத்த அசையில் அ, ஆ, ஐ வரும்போதுதான் இந்த இறக்கம். அடுத்து வரும் ஒலிக்கு வாய் முன்கூட்டியே திறக்கத் தொடங்கிவிடுகிறது. கிளி, புலி, துணி எல்லாம் அப்படியே நிற்கின்றன. யாரும் ‘கெளி’ என்பதில்லை. உங்கள் வகுப்பு நோட்டுகளில் தேடிப் பாருங்கள், பிள்ளைகளின் பிழை இந்த விதியை மீறாது.

இன்னொரு வகையும் உண்டு. பிள்ளை ‘புள்ள’ ஆகிறது, பெட்டி ‘பொட்டி’ ஆகிறது, வீடு சில ஊர்களில் ‘வூடு’. இங்கே உயரம் மாறவில்லை. முன்னுயிர் பின்னுக்குப் போய் இதழ் குவிகிறது. முன்னால் ப, ம, வ என்ற இதழ் எழுத்து. பின்னால் ட, ண, ள போன்ற நாமடி எழுத்து. இரண்டுக்கும் நடுவில் சிக்கிய உயிர் வேறென்ன செய்யும்? மிளகு ‘மொளகு’ ஆவதில் இரண்டு மாற்றமும் சேர்ந்தே நடக்கின்றன. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது ஏழாம் வகுப்பில் ஒரே கைதட்டல்.

பிழையைத் திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வுத்தாளில் ‘இலை’தான் இருக்க வேண்டும். இப்போது ‘எல’ என்று எழுதும் பிள்ளையிடம், “உன் காது நன்றாகக் கேட்டிருக்கிறது. நாம் பேசும்போது எல, எழுதும்போது இலை” என்கிறேன். பிறகு விரலைத் தாடையில் வைத்து இரண்டையும் சொல்லச் சொல்கிறேன். வித்தியாசத்தை விரலே காட்டிவிடுகிறது. அடுத்து ‘எடம்’ வரும்போது பாதிப் பேர் தாங்களே அடித்து ‘இடம்’ என்று எழுதுகிறார்கள். மீதிப் பேருக்கு இன்னும் சில நாள் ஆகிறது.

முதல் பிள்ளையிடம் இந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு வேறு ஊர் போய்விட்டான்.