தோளைக் கொடுத்தனுப்ப முடியாது

நடுவர் அவர்களே! "பொருட்காட்சிக்குப் போனாக்கூட வாசல்ல சீட்டு வாங்கணும்; பணம் இல்லாம குடும்பத்துல மகிழ்ச்சி ஏது?" என்று எதிரணி அம்மையார் கேட்டார்கள். கைதட்டலும் வாங்கிவிட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனா பணம் வாசல் வரைக்கும்தாங்க வரும். உள்ளே கூட வர மனுஷன் வேணும்! (கைதட்டல்)

அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆகஸ்ட் மாதம். "அப்பா, இங்கே கவுன்டித் திருவிழா, வாங்க" என்றாள். கவுன்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. மாட்டுச்சந்தையையும் சித்திரைப் பொருட்காட்சியையும் ஒரே மைதானத்துல போட்டா எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மாவை எண்ணெயிலே சுத்திச் சுத்தி ஊத்திப் பொரிச்சு, மேலே சீனித்தூள் தூவித் தர்றாங்க. என் வீட்டம்மா ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "இது நம்ம ஜாங்கிரிக்குத் தூரத்துச் சொந்தம்; கல்யாணத்துக்குக் கூப்பிடாம விட்ட சொந்தம்" என்றாள். (சிரிப்பு)

1807-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் பிட்ஸ்ஃபீல்டில், எல்கானா வாட்சன் என்பவர் இரண்டு மெரினோ செம்மறிகளை ஊர்ப் பொதுவிடத்தில் நிறுத்திக் காட்டினார். 1810-ல் கால்நடைக் கண்காட்சியே நடத்தினார். அந்த வழியில் வளர்ந்தவைதான் இந்தத் திருவிழாக்கள். 'ஃபோர்-எச்' அமைப்பில் சேர்ந்த பிள்ளைகள் கன்றுக்குட்டியை மாதக்கணக்கில் வளர்த்து, குளிப்பாட்டி, நடத்திக் காட்டுகிறார்கள். நன்றாக வளர்த்தால் நீல ரிப்பன். கடைசியில் ஏலம்.

அங்கே பன்னிரண்டு வயசுப் பொண்ணு ஒண்ணு. அது வளர்த்த காளை நல்ல விலைக்குப் போச்சு. ஆனா அந்தப் பிள்ளை காளையின் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுவுது. காசு வந்துருச்சு, கண்ணீர் நிக்கலை. அதோட அப்பா ஒரு வார்த்தை பேசலை. பக்கத்துல வந்து, தோள்ல கையை வச்சுக்கிட்டு நின்னார். அதுக்கப்புறம்தான் பிள்ளை கழுத்தை விட்டுச்சு.

அப்போ என் பேரன் என் தோள்மேல உட்கார்ந்திருந்தான். மகள் என்னையே பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, தமுக்கம் பொருட்காட்சிக்கு என்னை நீங்க ஒரு தடவைகூடக் கூட்டிட்டுப் போகலையே."

உண்மைதான் ஐயா. டெல்லி அப்பளத்துக்கு அவ அம்மாகிட்டப் பணம் கொடுத்தனுப்பினேன். சித்திரை மாசம் பூரா நான் எங்கே இருந்தேன் தெரியுமா? ஊர் ஊரா மேடையேறி, "பிள்ளைகளோடு நேரம் செலவிடுங்கள்" என்று பேசிக்கொண்டிருந்தேன்! (சிரிப்பு) நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு அன்னைக்குச் சிரிப்பு வரலை.

தவறு செய்தவன் சொல்கிறேன், நடுவர் அவர்களே. பணத்தைக் கொடுத்தனுப்பலாம். தோளைக் கொடுத்தனுப்ப முடியாது. குடும்ப மகிழ்ச்சிக்கு வேண்டியது கூட இருக்கிற நேரமே என்று தீர்ப்புச் சொல்லுங்கள். (பலத்த கைதட்டல்)