கார் விலையில் பேரத்துக்கு இடம் எங்கே?

ஜோகூர்த் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று, அங்கேயே நிரந்தரவாசிகளாகிவிட்ட பிள்ளைகள் நம் குடும்பங்களில் பலர் உண்டு. அப்படியொரு மகன் ஒரு நாள், "அப்பா, கார் வாங்கலாமென்று இருக்கிறேன், முன்பணத்துக்குக் கொஞ்சம் குறைகிறது" என்பான். அப்பாவிடம் இருப்பதோ காலமெல்லாம் பால்மரம் வெட்டிச் சேர்த்த சேமநிதி. அதை எடுத்துக் கொடுக்குமுன், பணம் எதற்குப் போகிறது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டல்லவா? அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

"குளுவாங்கில் மலிவாக வாங்கி அங்கே ஓட்டக் கூடாதா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். முடியாது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டுப் பதிவுள்ள காரைச் சிங்கப்பூரில் வைத்து ஓட்டச் சட்டம் இடம் தராது. அங்கே பதிவாகும் காருக்கோ 1990ஆம் ஆண்டு முதல் வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். சாலையில் எத்தனை வண்டிகள் ஓடலாம் என்று அரசாங்கம் அளவு வைத்து, அந்த உரிமையை மாதம் இருமுறை ஏலம் விடுகிறது. எடுத்தவருக்குப் பத்தாண்டு உரிமை. 2023இல் சிறிய கார்களுக்கான சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. வண்டியைவிட அதை ஓட்டும் அனுமதிக்கு விலை அதிகம்!

தேக்கா சந்தையில் கீரைக்கட்டுக்குப் பத்துக் காசு குறைத்துக் கேட்கும் நாம், லெங் கீ சாலையிலுள்ள குளிரூட்டிய கடைக்குள் போய்க் காப்பி குடித்ததும் வாய் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். காரணம், விலை ஒரே பெரிய தொகையாக நம்முன் நிற்பதுதான். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கார் கப்பல் கட்டணம், காப்புறுதி எல்லாம் சேர்த்துச் சிங்கப்பூர் வந்து இறங்கும் மதிப்பு 20,000 வெள்ளி என்று வையுங்கள். இதைத் திறந்த சந்தை மதிப்பு என்பார்கள். இதற்குச் சுங்கத் தீர்வை நூற்றுக்கு 20, அதாவது 4,000 வெள்ளி. இரண்டுக்கும் சேர்த்துப் பொருள் சேவை வரி நூற்றுக்கு 9, அது 2,160. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000 வெள்ளிக்கு முழுதாக நூறு சதவீதம். ஆகவே இன்னொரு 20,000. பதிவுக் கட்டணம் 350. சான்றிதழ் ஒரு லட்சம் என்று கொண்டால், ஆக மொத்தம் 146,510 வெள்ளி. புகை அளவைப் பொறுத்துக் கழிவோ கூடுதல் கட்டணமோ வரலாம். கடைக்காரர் 165,000 கேட்டால், இடையிலுள்ள 18,490 வெள்ளிதான் அவருடைய செலவும் லாபமும். பேரம் இருப்பது அந்த இடத்தில்தான். வரியைக் குறையுங்கள் என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை.

நிலப் போக்குவரத்து ஆணையம் பல கார் வகைகளின் இந்த விவரங்களைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. பிள்ளையிடம் சொல்லி, கடைக்குப் போகுமுன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தரை விரிப்பு, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், தோல் இருக்கை என்று விற்பனையாளர் 'இலவசம்' அடுக்குவார். அவை வேண்டாமென்றால் எவ்வளவு குறையும் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் சான்றிதழைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். நிச்சயம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்களா, அல்லது ஒரு தொகை வரைதான் ஏலம் கேட்பார்களா? ஏலம் ஏறினால் மிச்சத்தை யார் கட்டுவது? இறங்கினால் வித்தியாசம் திரும்ப வருமா? கிடைக்காமலே போனால் முன்பணம் என்னாகும்? இந்த நான்குக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

இப்போது கடனுக்கு வருவோம். குடும்பங்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, திறந்த சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேற்படாத காருக்கு விலையில் 70 சதவீதம் வரை கடன் வாங்கலாம். அதற்கு மேற்பட்டால் 60 சதவீதந்தான். தவணை ஏழாண்டுக்கு மேல் போகக் கூடாது. நம் உதாரணத்தில் கையிலிருந்து 49,500 வெள்ளி வேண்டும், கடன் 115,500. வட்டி "இரண்டரை சதவீதந்தான்" என்பார்கள். ஆனால் அது தட்டையான வட்டி. பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுக் கடனுக்கே வட்டி போடுவார்கள். ஏழாண்டில் வட்டி மட்டும் 20,212 வெள்ளி. மாதத் தவணை ஏறத்தாழ 1,616. குறைந்துகொண்டு வரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால், உண்மை வட்டி அவர் சொன்னதைப்போல் இரு மடங்கை நெருங்கும். எங்களிடமே கடன் எடுத்தால் விலையில் தள்ளுபடி என்று சொல்லும் கடைகளும் உண்டு. அப்போது தள்ளுபடியையும், வேறு வங்கியைவிடக் கூடுதலாகப் போகும் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பாருங்கள். இந்தக் கணக்கை வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளையே போட்டுவிடும்.

பழைய கார் வாங்குவோர் மீட்டர் ஓட்டத்தை மட்டும் பார்க்கக் கூடாது. சான்றிதழில் எத்தனை ஆண்டு பாக்கி என்று பாருங்கள். பத்தாண்டு முடியுமுன் பதிவை நீக்கினால் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பும். எவ்வளவு என்பது பதிவான தேதிக்குரிய விதியைப் பொறுத்தது. கேட்கும் விலையில் அதைக் கழித்து, மிஞ்சிய ஆண்டுகளால் வகுத்தால் ஓராண்டுத் தேய்மானம் கிடைக்கும். இரண்டு கார்களை ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. வெளியார் மெக்கானிக் ஒருவரிடம் காட்ட விற்பவர் மறுத்தால், அடுத்த கடைக்கு நடந்துவிடலாம்.

2012 செப்டம்பர் முதல் தேதி நடப்புக்கு வந்த சட்டப்படி, கடையில் வாங்கிய கார் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படியல்ல என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். இது பழைய காருக்கும் பொருந்தும், அதன் வயதையும் கணக்கில் கொண்டு. தகராறு என்றால் 1971இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். போகும்போது ஒப்பந்தம், ரசீது, விளம்பரத் தாள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் எழுதிய கைப்பேசிச் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.