விமானியின் இருப்பிடம்

1945-இல் நிறுவப்பெற்ற டெக்கான் ஏர்வேஸின் விமானங்கள் பேகம்பேட்டையிலிருந்தே புறப்பட்டன. செகந்திராபாத்தில் குடியிருந்த விமானிக்கு நிலையம் கூப்பிடு தூரம். 2008 மார்ச்சில் பயணிகள் விமானங்கள் ஷம்சாபாத்துக்கு மாறின.

இன்று மாரேட்பள்ளியில் நாம் வளர்த்த பிள்ளை விமானியாகி, ஹைதராபாத்தையே பணித்தளமாகப் பெற்றால் மகிழ்கிறோம்; வீட்டுச் சோறு கிடைக்குமன்றோ! ஆயினும் விடியற்காலை விமானத்துக்கு அவன் நள்ளிரவு கடந்ததும் எழுந்து, நகரின் வடபுறத்திலிருந்து தென்கோடிக்கும் அப்பால் செல்லவேண்டும். இரு பணிகளுக்கிடையே அந்த வழிநேரம் கழிந்தே உறக்கம் மிஞ்சும். வேறு நகரில் தளம் பெற்று இங்கிருந்தே போய்வருவது இதனினும் இடர். விமானம் நிரம்பிய நாளில் பணிக்கு எங்ஙனம் போய்ச் சேர்வான்?

ஷம்சாபாத்துக்கு அருகே அவன் அறையெடுத்துத் தங்குவதே நலமென்போம். தாய்க்குக் கசக்கும், ஊர்விட்டு இங்கு வந்த நம் முன்னோரின் தாய்மாருக்கும் கசந்ததே. பணியில்லா நாட்களில் வீட்டுக்கு வரட்டும்.