சிறு நாட்டின் சமுத்திரக் காவல்

(சங்கரன்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



தறியோசை ஓயாத இவ்வூரிலிருந்து கடலைக் காண வேண்டுமானால் கரிசல் காட்டைக் கடந்து தூத்துக்குடி வரையில் போயாக வேண்டும் என்பதை அறிந்திருந்தும், கடற்படையைப் பற்றி இங்கே பேச நான் இசைந்ததற்கு இவ்வூர்த் திருக்கோயிலே காரணம். பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலும் கயிலையில் வீற்றிருக்கும் சிவபெருமானும் சங்கரநாராயணர் என்னும் ஒரே திருமேனியாய் நிற்கும் சந்நிதியில் நேற்று மாலை கைகூப்பி நின்றபோது, கடல் வேறு, நிலம் வேறு என்று பிரித்து எண்ணிப் பழகிய நம் மனப்போக்கு எத்தனை பிழையானது என்ற நினைவே எனக்கு எழுந்தது. தீவாகப் பிறந்த ஒரு நாடு அந்தப் பிழையைச் செய்து பிழைத்திருக்க முடியாது.

கடற்படை என்றவுடன் 1025-இல் கடாரம் வரை கப்பல்களைச் செலுத்திய ராஜேந்திர சோழனின் நினைவே நமக்கு முந்தி வரும், வரவேண்டியதுதான். ஆனால் பிறர் கரையை நாடிச் செல்லும் பேரரசின் கப்பற்படைக்கும், தன் கரையை விட்டு அகலாமல் காவல் நிற்கும் சிறு நாட்டின் கப்பற்படைக்கும் இலக்கணமே வேறு. இந்த இரண்டாவது வகைக்கு நமக்கு மிக அண்மையிலுள்ள உதாரணம் இலங்கை.

காவலற்ற கரைக்கு ஒரே ஒரு கப்பல் என்ன செய்துவிடும் என்பதை நம் மொழியே நினைவில் வைத்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, ஜெர்மானியரின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு மழை பொழிந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்தது. உலகத்திலேயே பெரிய கடற்படையை உடைய சாம்ராஜ்யத்தின் துறைமுகம் அது! குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் இன்றும் இருக்கிறது. வழக்குக்குப் போகிறவர்களில் அதைப் படிப்பவர் சிலரே. ஆயினும், பொல்லாத சாமர்த்தியசாலியை "அவன் எம்டன் ஆயிற்றே" என்று சொல்லாத தமிழ் வீடு இல்லை.

அந்தப் பாடத்தை இலங்கை மிகக் கடுமையாகப் படித்தது 1942-இல். ஏப்ரல் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஒன்பதாம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. அபாயத்துக்கு அஞ்சித் திருகோணமலையை விட்டு வெளியேறியிருந்த ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தனக்கென ஒரு விமானமும் உடன் இல்லாத நிலையில், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. தீவைக் காக்க வந்திருந்த பிரிட்டிஷ் கப்பற்படையோ, அதன் பிறகு ஆப்பிரிக்கக் கரைக்கு ஒதுங்கிக்கொண்டது. அதைக் குறை கூற நான் வரவில்லை. பெரிய நாட்டின் கப்பல்கள் பெரிய நாட்டின் கணக்குப்படியே நகரும். ஆனால் அதே மாதங்களில் பர்மா வீழ்ந்து, பர்மா அரிசியின் வரவு நின்றுபோய், இலங்கை மக்கள் பங்கீட்டு அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் வரிசையில் நின்றதை எண்ணிப் பாருங்கள். தீவின் சோற்றுப்பானை கடல்வழியில்தான் இருக்கிறது.

1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான தொண்டர் படையே வித்தாக, சுதந்திர இலங்கையின் கடற்படை 1950 டிசம்பர் 9-ஆம் தேதி தோன்றியது. அதன் முதற் கப்பலான விஜய, கண்ணிவெடி அகற்றும் கப்பல். தற்செயலாக வாய்த்ததே ஆயினும் இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருந்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். துறைமுக வாயிலைத் திறந்து வைத்திருப்பதன்றோ சிறு நாட்டுக் கடற்படையின் முதற் கடமை? 1957-இல் திருகோணமலைத் தளமும் கைக்கு வந்தது. பிற்பாடு இஸ்ரேலிடமிருந்து கஜபாகு, மகாசேன என்னும் போர்க்கப்பல்கள் வாங்கப்பட்டன. பெருமைக்கு அவை உதவின. ஆனால் பல இடங்களில் பத்து மீட்டர் ஆழத்தைக்கூட எட்டாத பாக் நீரிணையில் பெரிய கப்பலுக்கு வேலை ஏது? அங்கே மணல்திட்டை அறிந்த சிறு படகும், அலையின் நிறத்தைப் பார்த்தே ஆழத்தைச் சொல்லும் சுக்கானியும் வேண்டும்.

பின்னர் வந்த உள்நாட்டு யுத்தத்தின் ஆண்டுகளைப் பற்றித் தமிழனாகிய நான் நெஞ்சு வேகாமல் பேச இயலாது. வெளிப்பகைக்கு எதிராகப் பிறந்த படை, கால் நூற்றாண்டுக் காலம் தன் வடகரையையும் கீழ்க்கரையையும் நோக்கியே பீரங்கியைத் திருப்பி வைத்திருந்தது. விரைவுப் படகுகளின் போர்முறையை அது கற்றுக்கொண்டதும் அங்கேதான். தன் கரையில் வாழ்வோரின் நம்பிக்கையை இழந்த கடற்படை எத்தனை வல்லமை பெற்றாலும் பாதிக் கண்ணை இழந்ததே ஆகும். அந்நியப் படகு எது, வழி தவறிய படகு எது என்பதை ராடாருக்கு முன்பே அறிபவன் மீனவன் அல்லவா?

இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976-ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் வரைந்த கடல் எல்லைக்கோடு வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது, தண்ணீரில் இல்லை. ராமேசுவரம் துறையில் ஒரு வைகறையில் நின்றிருந்தபோது, மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அமர்ந்திருந்த ஒரு முதிய அம்மாள், கரை திரும்பும் விசைப்படகுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்டேன். மகனுடைய படகு கண்ணில் பட்ட பிறகும் அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. அந்த எல்லைக்கோட்டின் பேரில் நம் மீனவர் சிறைப்படுவதும் உயிரிழப்பதும் பொறுக்கத்தக்கதன்று. ஆனால் நம் இழுவைமடி கடலடியைச் சுரண்டுகிறது, தங்கள் வலைகளை அறுக்கிறது என்று அக்கரையிலிருந்து முறையிடுபவர்களும் யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்களே என்பதை இந்த மேடையில் மறைத்துப் பேசுவது தர்மமாகாது.

தன் நிலப்பரப்பைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு கடற்பரப்பு இன்று இலங்கையின் பொருளாதார எல்லைக்குள் அடங்கும். அதைப் பீரங்கி மட்டும் காத்துவிடாது. 2020 செப்டம்பரில், குவைத்திலிருந்து பாராதீப்புக்கு இரண்டரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெயோடு சென்ற நியூ டயமண்ட் என்னும் கப்பல், கீழ்க்கரையில் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியது. இலங்கைக் கடற்படையும் இந்தியக் கப்பல்களும் அருகருகே நின்று நீரைப் பீய்ச்சின, அணைந்த தீ மறுபடியும் மூண்டது, மறுபடியும் அணைத்தார்கள். அந்த எண்ணெய் கடலில் கலந்திருக்குமானால் மட்டக்களப்பு, அம்பாறை மீனவரின் வலையில் பல ஆண்டுகளுக்கு என்ன ஏறியிருக்கும்!

பாக் நீரிணையிலுள்ள கச்சத்தீவில் அந்தோணியார் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் இரு கரையிலிருந்தும் படகுகள் செல்கின்றன. 2016-இல் அங்கே எழுந்த புதிய தேவாலயத்தைக் கட்டியவர்கள் இலங்கைக் கடற்படையினர். நன்னீர் அரிதான அத்தீவில் யாத்திரிகர்களுக்குக் குடிநீர் கொடுப்பவர்களும் அவர்களே. மற்ற நாட்களில் எந்தச் சீருடையைக் கண்டு படகைத் திருப்புகிறார்களோ, அந்தச் சீருடை அணிந்தவர்களிடம் அன்று ராமேசுவரத்து மீனவர்கள் குடத்தை நீட்டி நீர் வாங்குகிறார்கள்.