கணினியிற் சித்திரம் பழகுவோர்க்கு



2022ஆம் ஆண்டிலே தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளிற் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அக்காலத்திற் சித்திரம் கீறத் தாள் கேட்டு வந்த பிள்ளைகளுக்கு, “கவனமாகக் கீறு, பழுதாக்காதே” என்று சொல்லியே நான் தாள் கொடுத்தேன். பழுதாகிவிடுமோ என்று அஞ்சும் கை தாராளமாக இயங்குவதில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அவ்வச்சத்தைப் போக்கவல்ல ஒரு கருவியைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். கணினியோடு இணைக்கப்படும் வரைபலகை அது. பார்வைக்குச் சிலேட்டைப் போன்றது. கூடவே ஒரு பேனாவும் உண்டு. பேனாவைப் பலகைக்குச் சற்று மேலே பிடித்தால் திரையிற் குறிமுள் நகரும். பலகையைத் தொட்டால் கோடு விழும். அழுத்தத்தை உணரும் தூரிகையைத் தெரிந்துகொண்டால், அழுத்தத் தடித்தும் இலேசாகத் தொட மெலிந்தும் கோடு அமையும்.

ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நான் இதன் முன் அமர்ந்தேன். வட்டம் கீற முயன்றேன், வந்ததோ பலாக்கொட்டை! அருகில் நின்ற மாணவி, “சேர், கையைப் பாராதேங்கோ, திரையைப் பாருங்கோ” என்றாள். முதற்பாடம் அதுவே. கை மேசையிலும் கண் திரையிலும் இருக்கப் பழகுதல் வேண்டும்.

பலகையைத் திரைக்கு நேரே வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் மேல் இடது மூலை திரையின் மேல் இடது மூலையைக் குறிக்கும். இரண்டின் நீள அகல விகிதம் பொருந்தாவிடின் வட்டம் நீள்வட்டமாகும். அதனைப் பலகையின் அமைப்புகளிற் திருத்தலாம். பின்னர் இரு புள்ளிகளை இட்டு இணையுங்கள். நேர்கோடு, வளைகோடு, வட்டம் என நாளொன்றுக்குப் பத்து நிமிடம் பழகினாற் போதும்.

மென்பொருளுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. சிறுவர்க்கென 2002ஆம் ஆண்டிற் தோன்றிய ‘டக்ஸ் பெயின்ற்’ இலவசமானது. வளர்ந்தோர்க்குக் ‘கிரிற்றா’ ஏற்றது, அதுவும் இலவசமே. அதில், ஒளி ஊடுருவும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுபோல அடுக்குகளை அமைக்கலாம். மேலடுக்கிற் கோட்டுருவத்தையும் கீழடுக்கில் வர்ணத்தையும் இட்டால், வர்ணம் பிழைத்தாலும் கோடு கெடாது.

‘கன்ட்ரோல்’ விசையோடு ‘இசட்’ விசையை அழுத்தினால் இறுதியாக இட்ட கோடு மறைந்துவிடும். ஆயினும் ஒரு சொல்: ஒவ்வொரு கோட்டையும் உடனே அழித்துக்கொண்டிருப்பவர் ஒரு சித்திரத்தையும் முடிக்கமாட்டார். பத்துக் கோடுகளை இட்டு, நல்லதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தாளும் தூரிகையும் தரும் இன்பம் வேறு. அதனைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் இன்று என் மாணவர் அப்பலகையின் முன் அமரும்போது, “பழுதாக்கினாலும் பாதகமில்லை, கீறு” என்று என்னாற் சொல்ல முடிகின்றது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அவ்வாறே சொல்லிப் பாருங்கள்.