குளிர்காலமும் நம் குழந்தைகளும்



தில்லிக் குளிருக்கு அஞ்சி நாம் குழந்தைகளை அறைக்குள் அடைக்கின்றோம். அவர்களோ கைப்பேசிக்குள் அடைந்துவிடுகின்றனர். அதிகாலைக் குளிர்காற்று புகையை நிலத்தருகே தேக்கிவைப்பதால் அந்நேரம் வெளியே விடாமை நன்றே. வெயிலேறிய நண்பகலில், காற்றின் தரம் பார்த்து, மாடியில் நொண்டியாடச் செய்யலாமே!

மூடுபனி விலகாத நாளில் 14 குழிப் பல்லாங்குழி உண்டு. 3 புலியும் 15 ஆடும் மோதும் ஆடுபுலி ஆட்டம் உண்டு. 'நாற்பத்தேழு' என்றால் நம் பிள்ளைகள் பலர் விழிக்கின்றனர். வென்ற சோழிகளைத் தமிழில் எண்ணப் பழகினால் அக்குறை தானே நீங்கும்.

நாம் ரஜாய்க்குள் சுருண்டுகொண்டு, "போய் ஆடு" என்றால் குழந்தை ஆடுமா? நாள்தோறும் அரைமணி நேரம் நாமும் உடன் அமர்வோம். அவர்கள் உடலும் தழைக்கும், தமிழும் தழைக்கும்.